கருட சேவைக்கு முன்பே வந்த ஈக்கள்

அக்கா செத்துப்போனாள் என்று அண்ணன் போன் செய்தபோது ஊரில் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்தது. கருட சேவை முடிந்து இரண்டு நாள் ஆகியும் கூட்டம் குறையவில்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியே ஓரிக்கையிலேயே நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோடை விடுமுறை. கையில் கிடைத்த பையோடு கிளம்பி வந்திருந்தேன்.

வெயிலில் நடந்தேன். வழி நெடுக தண்ணீர்ப் பந்தல்கள். "வாங்கம்மா, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறைதான். சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் வாங்கிக் குடித்தேன். தர்மம் செய்வதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது. முகம் தெரியாதவனுக்கு வயிறு நிறையப் போடுவார்கள். கடைத்தெருவில் அண்ணனுடைய பட்டுக்கடை வாசலிலும் பாதி பிரித்த பந்தல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கருட சேவைக்கு அங்கே அண்டா அண்டாவாகப் புளியோதரை போடுவான். அதற்காக ஊரில் அவனுக்கு நல்ல பெயர்.

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், நடுவில் அண்ணன், நான் கடைசி. அக்காவைக் கட்டியவன் இரண்டாம் வருஷமே அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். குழந்தை இல்லை. அவள் தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைத் தார்க்கட்டையில் சுற்றிக் கொடுத்தே காலத்தை ஓட்டினாள். அப்பா அவளுக்கென்று ஒரு சின்ன வீட்டை விட்டுப்போயிருந்தார். ஒரு கூடம், ஒரு அறை, மேலே சிமெண்ட் ஷீட்டு. சர்க்கரை வியாதி வந்து கண் மங்கியதும் அந்த வீட்டை அண்ணன் பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். பதிலுக்கு அவன் காலம் முழுக்க இரண்டு வேளை சோறு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. நான் வேண்டாம் என்றேன். "அவன் போடாம எங்கடி போவான்? கூடப் பொறந்தவன்தானே" என்றாள். அந்தக் "கூடப் பொறந்தவன்" என்ற சொல்லின்மேல் எனக்கு அன்றைக்கே நம்பிக்கை இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பை அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். தனியாகக் கிடந்து செத்தவள் என்பதால் போலீஸ் போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அறை வாசலில் அண்ணி முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பினாயில் பாட்டிலும் மறு கையில் துடைப்பமுமாக நின்றாள். பக்கத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு பக்கெட்டு.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணி" என்றேன்.

"இன்னும் என்னம்மா நிக்கறது? நாத்தம் தெருவே தாங்கல. கழுவி விட்டாதான் தீட்டாவது கொறையும்."

உள்ளே போனேன். அக்கா படுத்திருந்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள். தரையில் சிமெண்ட் பெயர்ந்த இடங்களில், சுவரோரத்தில், தார்க்கட்டைகள் போட்டுவைத்திருந்த கூடைக்கு அடியில், புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கொழுத்து, மஞ்சள் கலந்த வெள்ளையாக, வெளிச்சத்தை விட்டு ஓடுகிற புழுக்கள். சில ஓடவில்லை. குறுகிச் சிவந்து, கூடாக மாறத் தொடங்கியிருந்தன.

என் வாழ்க்கையில் பாதியை நான் இவற்றைப் பார்த்தே கழித்திருக்கிறேன். பிணத்துக்கு வரும் நீல ஈக்கள்தான் என் ஆராய்ச்சி. சைவ வீட்டில் பிறந்த பெண், கறிக்கடையில் ஈரல் வாங்கிப் பாட்டிலில் போட்டு ஈ வளர்க்கிறாள் என்று சொந்தத்தில் பேசாதவர்கள் இல்லை. ஈ டீச்சர் என்றுதான் எனக்குப் பெயர். அக்கா மட்டும் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், "அதுங்க என்னத்தடி உனக்குச் சொல்லுது?" என்று.

அவை சொல்வது இதுதான். ஈ முட்டை வைத்தால் ஒரு பகலுக்குள் புழு வெளியே வரும். புழு இரண்டு முறை தோல் உரிக்கும். அதன் பின்பக்கத்தில் மூச்சு விடுவதற்குச் சின்னக் கீறல்கள் உண்டு. மூன்று கீறல் தெரிந்தால் அது கடைசிப் பருவம். தின்று முடித்ததும் இருட்டான, காய்ந்த இடம் தேடி உடம்பை விட்டு ஊர்ந்து போகும். அங்கே தன் தோலையே ஓடாக இறுக்கிக்கொண்டு, அதற்குள் ஈயாக மாறும். இது எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சூடு அதிகமானால் சீக்கிரம் நடக்கும், குளிர்ந்தால் மெதுவாக நடக்கும். புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது, அறை எவ்வளவு சூடு என்று தெரிந்தால் முட்டை எப்போது வைத்தது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். செத்த உடம்பை ஈ கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அதனால் முட்டை வைத்த நாளைத்தான் செத்த நாளாகக் கொள்வோம். கொலை வழக்குகளில் இதை வைத்துச் சாட்சி சொல்கிறார்கள்.

ஊறுகாய் பாட்டில் இரண்டு கேட்டேன். அண்ணி கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தார். பாதிப் புழுக்களைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொன்று எடுத்துக்கொண்டேன். மீதியை உயிரோடு, மணல் போட்ட பாட்டிலில் விட்டு, மேலே வேட்டித் துணி கட்டினேன். இதுதான் முறை. கொன்றது வயதைச் சொல்லும். உயிரோடு இருப்பது வளர்ந்து, தான் எந்த ஈ என்று சொல்லும்.

"சாவு வீட்டுல ஈ புடிக்கிறா பாரு" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். அழுது கண் வீங்கியிருந்தது. நான் கேட்கும் முன்பே ஆரம்பித்தான். "நேத்து வரல, ஒத்துக்கறேன். பந்தல் பிரிக்கிற வேலை. ஆனா கருட சேவை அன்னிக்குக் காலைல நானே வந்தேம்மா. கருடன் கடை வாசல் தாண்டறதுக்குள்ள ஓடியாந்து புளியோதரை குடுத்துட்டுப் போனேன். நல்லாத்தான் பேசினா. இப்பிடி ஆகும்னு யார் கண்டா?"

வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னான். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைகள், ஒரே இடத்தில் கண்ணைத் துடைப்பது. கேட்டவர்களும் ஒரே மாதிரி உச்சுக் கொட்டினார்கள்.

அன்று மாலை, என் பையில் எப்போதும் கிடக்கும் பூதக்கண்ணாடியையும் வெப்பமானியையும் எடுத்தேன். புழுக்களைப் பார்த்தேன். மூன்று கீறல். அறையில் வெப்பமானியும் வைத்துப் பார்த்தேன். ஷீட்டுக் கூரை, ஒற்றை ஜன்னல், வைகாசி வெயில், எல்லாவற்றையும் அண்ணனுக்குச் சாதகமாகவே கணக்கில் சேர்த்தேன். எப்படிப் போட்டாலும் முட்டை வைத்த நாள் கருட சேவைக்கு முன்னால்தான் போய் நின்றது. அதற்கு இரண்டு நாள் முன்னால், கொடியேற்றத்தை ஒட்டிய நாள். அப்படியென்றால் இவன் புளியோதரை கொடுத்தது யாருக்கு?

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ஊருக்கெல்லாம் அண்டாவில் அள்ளிப் போட்டவன், இரண்டு தெரு தள்ளி இருந்தவளை எட்டிப் பார்க்கவில்லை. அவள் செத்து நாலைந்து நாள் கிடந்திருக்கிறாள். வீட்டையும் வாங்கிக்கொண்டு, சோற்றையும் நிறுத்திவிட்டு, இப்போது கொடுத்ததாகக் கதையும் சொல்கிறான். படிப்பு என்று ஒன்று படித்ததற்கு இப்போதுதான் பலன் வந்தது என்று நினைத்தேன்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய அன்று, சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"கருட சேவை அன்னிக்கு நீ வரல. அக்கா அதுக்கு முன்னாடியே போயிட்டா. புழுவோட வயசு அதைச் சொல்லுது."

அண்ணன் எழுந்து நின்றான். "புழு சொல்லுதா? நான் பொய் சொல்றேன், புழு நெசம் சொல்லுதா? நீதானே எப்பவும் சொல்லுவே, சூட்டுல சீக்கிரம் வளரும்னு. இந்த ஷீட்டுக்கு அடில உக்காந்து பாரு, நீயே வெந்துடுவே."

"அதெல்லாம் சேத்துத்தான் சொல்றேன்."

"அம்மா மேல சத்தியமா வந்தேன். ஜன்னல்ல குடுத்தேன். பேசினா."

தாய்மாமா என்னைக் கையமர்த்தினார். அம்மாவின் தம்பி, எண்பதை நெருங்குகிறவர், எங்கள் குடும்பத்தில் அவர் சொல்தான் கடைசி. "போனவ போயிட்டா. இதை ஏம்மா கிளறறே? சும்மா கெடக்கற சங்கை ஊதிக் கெடுக்காதே" என்றார். பெரியம்மா ஒருபடி மேலே போனாள். "அஞ்சு வருஷமா சோறு போட்டவன் அவன். நீ ஒரு வேளை வந்து பொங்கிப் போட்டிருப்பியா?" என்றாள். போட்டதில்லைதான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். எஸ்.ஐ. சின்ன வயது, மரியாதையாகவே பேசினார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சொத்துத் தகராறு ஏதாச்சும் இருக்குதா மேடம்?" என்று கேட்டார். இல்லை, வீடு ஏற்கெனவே அவன் பெயரில்தான் இருக்கிறது என்றேன். "அப்போ சோறு குடுக்கலன்னு கேஸா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எந்தச் சட்டத்தில் போடுவது என்று தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன்.

பாட்டில் என் சமையலறை ஜன்னலில் இருந்தது. புழுக்கள் மணலுக்குள் போய்க் கூடாகிவிட்டன. அதைப் பார்க்காமல் காபி கலக்க முடியவில்லை. மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், புழு எதைத் தின்றதோ அதுதான் அதன் உடம்பு என்று. இப்போது அதை நினைக்கவே பயமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் துணிக்கு அடியில் ஈக்கள் வந்திருந்தன. புதிதாக வந்த ஈ தலையில் ஒரு பையை ஊதி ஊதித்தான் ஓட்டின் மூடியைத் தள்ளித் திறக்கும். ஒன்று அப்படித் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மற்றவை சிறகு விரிந்து, நீலமும் பச்சையுமாக மினுங்கின. அக்காவிடமிருந்து வந்தவை. அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் அவற்றைக் கொன்றேன். கொல்லாமல் பார்க்க முடியாது.

கல்லூரி திறந்த அன்று முதல் வேலையாக ஆய்வகத்துக்குப் போய் ஈ ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் பிணத்துக்கு முதலில் வருகிற ஈ ஒன்று உண்டு. அதுவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருந்தேன். அதில் ஆண் ஈயின் கண்ணைப் பார்த்தால் சந்தேகமே வராது. மேல்பாதியில் பெரிய அறைகள், கீழ்ப்பாதியில் சின்ன அறைகள், நடுவே சேலையில் உடலும் பார்டரும் பிரிவதைப் போல ஒரு கோடு. இந்தக் கண்ணில் கோடு இல்லை. சிறகுக்கு அடியில் இருக்கும் சின்னச் செதிலைத் திருப்பிப் பார்த்தேன். பழுப்பாக இருக்க வேண்டியது வெள்ளையாக இருந்தது. இன்னொரு ஈயை வைத்தேன். அதிலும் வெள்ளை. கொன்று வைத்திருந்த புழுக்களை வைத்தேன். உடம்பைச் சுற்றி முள் வரிசைகள், திருகாணியில் மரை ஓடுவதைப் போல.

மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தேன்.

பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு ஈக்கள் அவை. ஒன்று பிணத்துக்கு வருவது. மற்றது பிணத்தைத் தொடாது. ஆறாத புண் இருக்கும் மாட்டில், நாயில், அபூர்வமாக மனிதரிலும், உயிருள்ள சதையில் மட்டும்தான் அது முட்டை வைக்கும். அதன் புழு பச்சை ரத்தத்தில்தான் வளரும்.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இளம்பெண் போலக் குரல். நினைவு வைத்திருந்தார். "ஆமாங்க மேடம். இடது பாதத்துல பழைய சர்க்கரைப் புண். பெரிய புழு எல்லாம் அங்கதான் இருந்துது, எலும்பு தெரியற அளவுக்கு. முகத்துல இருந்தது வேற, ரொம்பச் சின்னது, அப்பதான் பொறிச்ச மாதிரி" என்றார். அக்காவுக்குக் காலில் புண் இருந்ததே எனக்குத் தெரியாது. போனில் கேட்டால் நல்லாருக்கேன் என்றுதான் சொல்வாள்.

இனி எனக்குக் கணக்கே தேவைப்படவில்லை. முகத்தில் இருந்த சின்னப் புழுதான் சாவின் வயது. அது கருட சேவைக்கு மறுநாளைக் காட்டியது. காலில் இருந்தவை அதற்கு முன்பே, அவள் உயிரோடு இருந்தபோதே, கொடியேறிய நாளிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தன. அண்ணன் சொன்னது உண்மை. அவன் போனபோது அவள் உயிரோடுதான் இருந்தாள்.

பதினாறாம் நாள் கருமாதி பாலாற்றங்கரையில். ஆறு என்று பெயர்தான், கண்ணுக்கு எட்டிய வரை மணல். சடங்குக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலையை மழித்துக்கொண்டு வேலிக்காத்தான் மர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவ காலைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

அவன் மணலைப் பார்த்தான்.

"ஏன் கேக்கறே?"

"சொல்லு."

"சொன்னா." கனைத்துக்கொண்டான். "கால்ல என்னமோ ஊர்ற மாதிரி இருக்குதுடா, கண்ணு தெரியல, உள்ள வந்து என்னான்னு பாருடான்னா. நான் ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தேன். நாத்தம் வேற அடிச்சுது. எலி செத்துக் கெடக்குதுன்னு நெனச்சேன். மேளச் சத்தம் கிட்ட வந்துடுச்சும்மா, பந்தல்ல ஆளே இல்ல. திருவிழா முடியட்டும்க்கா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"சரிடா, நீ ஓடு, சாமி வந்துடப் போவுதுன்னா."

அவன் என்னைப் பார்த்தான். என்ன கண்டுபிடித்தேன் என்று கேட்கவில்லை. என் முகத்திலிருந்தே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது.

அதற்குள் மாமா கூப்பிட்டார். எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். வருஷா வருஷம் திவசம் கொடுக்க, செத்த நாளின் திதியைக் குறித்துத் தர வேண்டும் என்று சடங்கு செய்பவர் கேட்டிருந்தார்.

"என்னம்மா, உன் ஈ என்னதான் சொல்லுது? இன்னிக்கே இதை முடிச்சுடணும். எந்த நாள்னு வச்சுக்கறது?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உள்ளதைத்தான் சொல்ல முடியும்.

"அண்ணன் சொன்னதுதான் சரி மாமா. கருட சேவை அன்னிக்கு அக்கா உயிரோடதான் இருந்தா. மறுநாள்தான் போயிருக்கா."

கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. "அதானே பாத்தேன்" என்றார் மாமா. பெரியம்மா ஓடிப்போய் அண்ணனின் மொட்டைத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "புள்ளை மாதிரி பாத்துக்கினவன் மேல பழி போட்டாளே பாவி! கடைசி வாய் சோறு உன் கையாலதான்டா, அவ புண்ணியம் பண்ணவ" என்று அழுதாள். அண்ணன் வாய்விட்டுக் கதறினான். பழி நீங்கின நிம்மதியில் அழுகிறான் என்று எல்லோரும் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

நான் புழு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அவன் போகவே இல்லை, அக்கா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள், இவன் சொன்னதெல்லாம் பச்சைப் பொய் என்று யாராவது எனக்கு நிரூபித்துக் காட்டியிருந்தால் அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன்.